கரையம், நீ ஆர்ட மகள்?

குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் எந்த மிளகாய்த் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் இப்போது இரண்டு நீலப் பீப்பாக்களைக் காணலாம். ஒன்று கிணற்றடியில் நிற்கும். மற்றது எட்டத்தில், வேலியோரமாக நிற்கும். ஒன்றில் வெள்ளைப் பெயின்றால் 'மச்சான்' என்று எழுதியிருக்கும், மற்றதில் 'மச்சாள்'. விடுமுறைக்கு என்னோடு வந்த பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி அதைப் படம் எடுத்துவிட்டு, "இது என்ன, காதல் கதையா?" என்று கேட்டாள்.

ஒரு வகையில் அப்படித்தான். ஆனால் நான் எழுதப்போவது அந்தப் பெயர்களை வைத்தவளைப் பற்றி.

அவளுடைய பெயரை இங்கே போடவில்லை. போட்டால் அவளே சிரிப்பாள். "பேர் எல்லாருக்கும்தான் இரிக்கு. ஆட்டுக்குட்டிக்கும் இரிக்கு. ஆர்ட மகள் எண்டு கேட்டாத்தான் ஆளத் தெரியும்" என்பது அவளுடைய வாய்ப்பாடு. எங்கள் ஊர்களில் புதுமுகம் ஒன்று கடையிலோ பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ தென்பட்டால் முதலில் வரும் கேள்வி அதுதான். ஆர்ட மகள்? யாருடைய மகள் என்பதற்குப் பதில் கிடைத்தால் போதும், ஊர், வீடு, மாமன்மாரின் கோபம், உம்மாவின் கைப்பக்குவம் எல்லாம் பின்னால் தானாக வந்துவிடும். பெயரைப் பலர் கேட்பதே இல்லை.

அவள் இந்தக் கேள்வியைச் சொற்களிடம் கேட்டாள்.

கற்பிட்டியில் உயர்தரம் படித்தபோது என் பக்கத்துக் கதிரை அவளுடையது. இரசாயனவியல் சேர் பலகையில் ஒரு புதுச் சொல்லை எழுதினால் நாங்கள் எல்லோரும் வரைவிலக்கணத்தைப் பிரதி பண்ணுவோம். அவள் பேனையைக் கீழே வைத்துவிடுவாள். தலையைச் சரித்து, கல்யாண வீட்டுக்கு வந்த மாமி ஒருத்தி புதுப் பெண்ணைப் பார்ப்பதுபோல அந்தச் சொல்லைப் பார்ப்பாள். உதடு மட்டும் அசையும். "நீ ஆர்ட மகள்?"

அலசன் வந்தது, இங்கிலீசில் ஹலஜன். அது கிரேக்கம், 'உப்பைப் பெறுவது' என்று பொருள் என அவள் கண்டுபிடித்து வந்த நாளில் வகுப்பே அதிர்ந்தது. "உப்பப் பெறுறவளா? அப்ப புத்தளத்தாள்தான்! உப்பளத்துக்குப் பக்கத்து வீடு!" அல்கலி வந்தது. அது அரபு, களப்புக் கரையில் முளைக்கிற உமரி மாதிரியான செடிகளைச் சுட்டெடுத்த சாம்பலுக்குப் பெயர் என்று தெரிந்ததும், குர்ஆன் ஓதுகிற பள்ளிக்குப் போய் அதிலுள்ள 'க'வைச் சரியாக உச்சரிக்கக் கேட்டுக்கொண்டு வந்தாள். தொண்டையின் அடியிலிருந்து வரவேண்டுமாம். ஒரு வாரம் முழுக்க இரசாயனவியலை இருமிக்கொண்டே படித்தோம்.

"மகள், பரீட்சையில இதுக்குப் புள்ளி இல்ல" என்றார் சேர்.

"புள்ளி இல்லாட்டி என்ன சேர், சொந்தம் இரிக்கே."

நான் அவளைப்போல இல்லை. எனக்கு வேகம் வேண்டும். அட்டவணையைப் பார்த்தால் பாடமாக்கி முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அவளோ ஒரு சொல்லில் மாட்டினால் அங்கேயே நங்கூரம் போட்டுவிடுவாள். அப்படி அவள் நெடுநாள் நங்கூரமிட்ட சொல் 'கரையம்'.

கரைப்பானில் கரையும் பொருள் கரையம். இவ்வளவுதான் வரைவிலக்கணம். நான் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அவள் என் கொப்பியைத் தட்டினாள்.

"இதென்ன விளக்கம் புள்ள? அவ ஆர்ட மகள் எண்டு கேட்டா, அவட உம்மாட மகள் எண்டு செல்ற மாதிரி இரிக்கு."

போனில் தேடினாள். கரையத்தின் ஆங்கிலச் சொல்லான 'சொலியூற்' லத்தீனிலிருந்து வந்தது, 'அவிழ்க்கப்பட்டது' என்று பொருள் என்று போன் சொன்னது. அதை அவள் நம்பவில்லை. "அவிழ்க்கப்பட்டதா? சீனியை ஆர் கட்டி வெச்சாங்க, அவிழ்க்கிறத்துக்கு? போன் எல்லாத்தையும்தான் செல்லும். அந்தச் சொல்ல வாயால செல்ற ஆள் ஒருத்தரக் கேக்கணும்."

லத்தீனை வாயால் சொல்கிற ஆளுக்குப் புத்தளம் மாவட்டத்தில் எங்கே போவது? ஆனால் அவளுடைய அதிர்ஷ்டம் எப்போதும் பஸ்ஸில்தான் வரும். புத்தளத்தில் ரியூஷன் முடிந்து கற்பிட்டி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன் ஆசனத்தில் கண்டக்குழிப் பக்கத்துக் கோயில் ஒன்றின் ஃபாதர் வெள்ளை அங்கியோடு இருந்தார். மடியில் ஒரு பை கத்தரிக்காய். நான் வேண்டாம் என்று அவள் பர்தாவைப் பிடித்து இழுப்பதற்குள் அவள் முன்னால் சாய்ந்துவிட்டாள்.

"ஃபாதர், உங்களுக்கு லத்தீன் தெரியுமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "பூசைக்குத் தேவையான அளவு தெரியும் மகள். ஏன்?"

"கரையம் எண்ட சொல் ஆர்ட மகள் எண்டு கேக்கணும்."

நடத்துனருக்குச் சிரிப்பு. "ஃபாதர், புள்ள பாவசங்கீர்த்தனம் செய்யப் போகுது போல!"

"சிரியாத தம்பி, சரியான இடத்திலதான் நீயும் தொட்டிருக்கிறாய்" என்றார் ஃபாதர். பிறகு கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு முழுக்க எங்கள் பக்கம் திரும்பினார். "சொல்வெரே எண்டு ஒரு வினைச்சொல். அவிழ்க்கிறது. கயிறு, முடிச்சு, விலங்கு, எதையும் அவிழ்க்கலாம். அவிழ்ந்து நிக்கிறதுக்குப் பேர் சொலுற்றுஸ். உங்கட கரையம் அதுதான். எங்கட பாவசங்கீர்த்தனத்தின்ர முடிவில குருவானவர் 'அப்சொல்வோ' எண்டு மன்னிப்பு வழங்குவார் பாருங்க, அந்தச் சொல்லுக்கும் இதே வேர்தான். பாவத்தில கட்டுப்பட்டவனை அவிழ்த்து விடுறன் எண்டு அர்த்தம். கணக்குக்கு விடை கண்டுபிடிச்சா இங்கிலீசில என்ன சொல்லுவினம்? சொல்வ் எண்டுதானே, அதுவும் இதே குடும்பம். முடிச்சு அவிழ்ந்திட்டுது."

அவள் நன்றி சொல்லவும் மறந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே களப்பு பளபளத்தது, காற்றாலைகள் சுற்றின, எங்கள் ஊர்த் திருப்பமும் வந்தது. இறங்கி நின்றபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அப்ப தேத்தண்ணிக்குள்ள சீனி காணாமப் போறல்ல புள்ள. அவிழ்ந்து நிக்குது."

"அதத்தானே சேரும் சொன்னார், துணிக்கைகள் பிரியுது எண்டு."

"சேர் சொன்னார். நான் இப்பதான் கண்டன்." வீதி நடுவே நின்றுகொண்டே கைகளை விரித்தாள். "நம்மட தமிழ், கண்ணுக்குத் தெரிஞ்சதச் செல்லுது. கரைஞ்சிட்டு. அவங்கட சொல், தண்ணிக்குள்ள நடந்ததச் செல்லுது. அவிழ்ந்திட்டு. ரெண்டு பேரையும் ஒண்டா வெச்சுப் பாத்தாத்தான் முழு ஆளும் தெரியுது!"

பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் ஹோன் அடித்து, "முழு ரோட்டும் உங்கட வாப்பாட சீதனமா?" என்று ஏசினார். அவளுக்கு அது காதில் விழவில்லை.

இதெல்லாம் விளையாட்டாக இருந்த காலம். பிறகு அவளுடைய வாப்பாவுக்கும் என்னுடைய வாப்பாவுக்கும் சண்டை வந்தது.

அவளுடைய வாப்பா பல வருடம் கட்டாரில் வேலை செய்து திரும்பியவர். வெயிலில் உழைத்ததை முழுக்க மணலில் போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, மிளகாய் நட்டிருந்தார். என் வாப்பா குறிஞ்சிப்பிட்டிச் சந்தியில் உரம், பசளைக் கடை வைத்திருப்பவர். பசளை எங்கள் கடையில்தான் வாங்கினார்கள். பூப்பிடிக்கிற நேரத்தில் மிளகாய் இலை சுருளத் தொடங்கியது. குழாய்கள் சொட்டவில்லை. ஒன்றை வெட்டித் தட்டியபோது உள்ளேயிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது.

அந்தத் தூளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அவர் எங்கள் கடைக்கு வந்தார். கடை நிறைய ஆட்கள்.

"நானா, இது என்ன செல்லுங்க" என்று என் வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"எங்க எடுத்த?"

"என்ட குழாய்க்குள்ள. உங்கட பேக்குக்குள்ள இருந்து வந்தது. வெண்கட்டித் தூளக் கலந்து விக்கிறீங்களே, மறுமை இல்லையா உங்களுக்கு?"

என் வாப்பா கோபக்காரர். அன்றைக்கு அந்தக் கோபம் வரவில்லை. முகம் மட்டும் வெளிறிப் போனது. அடுத்த நாள் கடைக்கு வந்தவர்கள் பேக்கைப் பிரித்து, பசளையை விரலுக்கிடையில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள். சிலர் பார்த்துவிட்டு, வாங்காமலே போனார்கள். எங்கள் ஊரில் ஒரு கடைக்காரனின் பெயர் கெட்டால், அந்தக் கடையைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குத்தான் போகவேண்டும். அதுவரை நான் என் வாப்பா பயந்து கண்டதில்லை.

என் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று அவளுக்கு வீட்டில் கட்டளை. வகுப்புக்கு வந்தாள், பக்கத்துக் கதிரையை விட்டாள், நேரே என் பின்னால் போய் இருந்தாள்.

"பக்கத்தில இரிக்கக் கூடா எண்டுதான் வாப்பா சொன்னார். பின்னால இரிக்கலாம்" என்றாள் என் பிடரிக்கு.

நான் திரும்பவில்லை.

"உன்ட வாப்பா கலப்பாரா?"

திரும்பாமலே கேட்டேன். "உன்ட வாப்பா பொய் செல்வாரா?"

"இல்ல."

"என்ட வாப்பாவும் கலக்க மாட்டார்."

பின்னால் பேனையைக் கீழே வைக்கிற அந்தச் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேரும் உண்மை எண்டா, அப்ப அந்த வெள்ளை ஆர்ட மகள்?"

அன்று பின்னேரமே தோட்டத்துக்குப் போய்ப் பீப்பாவுக்குள் தலையை விட்டுப் பார்த்திருக்கிறாள். அடியில் வெள்ளைச் சேறு. வாப்பாவிடம் எப்படிக் கலக்கிறார் என்று கேட்டிருக்கிறாள். கல்சியம் பசளையையும் எப்சம் உப்பையும் ஒரே பீப்பாவில், ஒரேயடியாக, தடிப்பாகக் கரைத்து விடுவாராம். ஒவ்வொரு நாளும் கலக்க யாருக்கு நேரம்? "போற வேர் ஒண்டுதானே மகள். கரைஞ்சா எல்லாம் ஒண்டுதானே" என்றாராம்.

மறுநாள் என் முதுகில் பேனையால் குத்திக்கொண்டே சொன்னாள். "கரைஞ்சா எல்லாம் ஒண்டு எண்டார் புள்ள! அங்கதான் பிழை. கல்சியம் நைத்திரேற்று தண்ணிக்குள்ள போனா என்னாகும்? அவிழும். கல்சியம் வேற, நைத்திரேற்று வேற. எப்சம் உப்பு எண்டா மகனீசியம் சல்பேற்று, அதுவும் அவிழும். அவிழ்ந்ததுகள் சும்மா நிக்குமா? கட்டில்லாம, கையும் காலும் நீட்டிக்கொண்டு, ஒரே பீப்பாக்குள்ள! கல்சியம் போய் சல்பேற்றப் பிடிச்சா?"

கல்சியம் சல்பேற்று. அற்ப அளவே கரையும். அட்டவணையில் அந்த வரி எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அது ஒரு நீலப் பீப்பாவுக்குள்ளும் இருக்கும் என்றுதான் தெரியாமல் இருந்தது.

"ஜிப்சம்!" நான் கத்திவிட்டேன். சேர் திரும்பிப் பார்த்தார்.

"வாப்பாட்டச் செல்லு, இப்பவே!"

"செல்ல ஏலா" என்றாள். அவள் குரல் இறங்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். "ஊர் முழுக்கக் கேக்கச் சண்டை பிடிச்சவர். வீட்டுக்குள்ள நான் செல்லி, அவர் மெதுவாப் போய் வாய மூடிக்கொண்டா, உன்ட வாப்பாட பேர் எப்படித் திரும்பும்? எல்லாரும் பாக்கச் செல்லணும். ஆனா எல்லாரும் பாக்க என்ட வாப்பாவத் தோக்க வைக்கவும் என்னால ஏலா."

வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஊர் விசாரணை என்று முடிவாகியிருந்தது. இரண்டு பக்கமும் சேராத ஆள் வேண்டும் என்று, கற்பிட்டி டவுனிலிருந்து வெங்காய வியாபாரி ஹாஜியார் ஒருவரை அழைத்திருந்தார்கள். தோட்டத்திலேயே கூடினார்கள். ஹாஜியாருக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை. என் வாப்பா கிணற்றடியில், அவள் வாப்பா வேலியடியில், நடுவில் ஊர். நான் வாப்பாவின் பின்னால், சறத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளாத குறையாக நின்றேன்.

அவள் வாப்பா தூளைக் காட்டினார். என் வாப்பா தையல் பிரிக்காத இரண்டு பேக்குகளைக் காட்டினார். "பேக்குக்குள்ள வெண்கட்டி இரிக்கா இல்லையா எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். அப்போதுதான் அவள் வீட்டுப் பக்கமிருந்து வந்தாள். ஒரு தட்டில் பெரிய கண்ணாடிக் கிளாஸ்கள், விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொண்டு வருவதுபோல. எல்லோரும் தேத்தண்ணி என்றே நினைத்தார்கள். ஹாஜியார் கையையும் நீட்டிவிட்டார்.

"குடிக்க ஏலா ஹாஜியார். பசளை கரைக்கத்தான் கொண்டு வந்தன்."

சிரிப்பு எழுந்தது. அவளுடைய வாப்பா, "உள்ளுக்குப் போ மகள்" என்றார்.

"ஒரு நிமிஷம் வாப்பா. நீங்க சொன்னதத்தான் காட்டப் போறன்."

வெளியிலிருந்து கொண்டு வந்த தண்ணீர் இல்லை, அவர்களுடைய கிணற்றுத் தண்ணீரையே ஊரார் பார்க்க அள்ளினாள். ஹாஜியாரைக் கொண்டே பேக்குகளை உடைப்பித்தாள். முதல் கிளாஸில் கல்சியம் பசளையைக் கை நிறையப் போட்டுக் கலக்கினாள். உருண்டைகள் கரைந்து, தண்ணீர் தெளிந்தது. ஹாஜியாரின் கையில் கொடுத்தாள். "ஐஸ் மாதிரிக் குளிருதே!" என்றார் அவர். இரண்டாவது கிளாஸில் எப்சம் உப்பு. அதுவும் தெளிந்தது. வெயிலுக்கு எதிரே தூக்கிக் காட்டினாள். அந்தப் பக்கம் நின்ற என் வாப்பாவின் முகம் கிளாஸுக்குள்ளால் தெரிந்தது.

"வெண்கட்டி கலந்திருந்தா இப்பவே அடியில நிக்கணும். இரிக்கா?"

"இல்ல" என்றது ஊர்.

என் வாப்பா பெருமூச்சு விட்டார். அவள் வாப்பாவின் தாடை இறுகியது. அவள் அவரைப் பார்த்தாள். பிறகு ஒரு கிளாஸை மற்றதற்குள் ஊற்றினாள்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ இருமினார்கள்.

பிறகு அந்தத் தெளிந்த தண்ணீர் நடுவிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலாகியது. பால் தடித்து, பனிபோல அடியில் இறங்கியது. "யா அல்லாஹ்!" என்று ஹாஜியார் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார்.

"வாப்பா சொன்னது சரி" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்க. "இது வெண்கட்டிதான். பள்ளிக்கூடத்து வெண்கட்டி செய்றதும் இந்தச் சாமானிலதான். வாப்பாட கண் பிழைக்கல்ல. ஆனா இது கடையில இருந்து வரல்ல. எங்கட பீப்பாக்குள்ளயே பிறந்தது."

"தெளிஞ்ச தண்ணி ரெண்டுல இருந்து எப்படி மகள் சேறு வரும்?" ஹாஜியார் கேட்டார்.

"கரைஞ்சது காணாமப் போனது எண்டு நினைக்கிறோம் ஹாஜியார். காணாமப் போறல்ல, கட்டு அவிழ்ந்து நிக்குது. கரையம் எண்டு நாங்க செல்றதுக்கு லத்தீன்ல பேரே அவிழ்ந்தது எண்டுதான். அவிழ்ந்தது இன்னொண்டோட சேரும். இதுல ஒண்டு, அதுல ஒண்டு, ரெண்டும் சேந்திட்டா, பிறகு தண்ணியாலயும் லேசில பிரிக்க ஏலா. குழாயில போய் அடைக்குது."

"மாமியையும் மருமகளையும் ஒரு குசினியில விட்ட மாதிரி" என்றார் ஒரு கிழவர்.

"இல்ல, மாமியும் மருமகளும் எண்டா சண்டை பிடிச்சு விலகி நிப்பாங்களே. இது மச்சானும் மச்சாளும்! தனிய ஒரு அறையில விட்டா கட்டிப் பிடிச்சுக்கொள்றாங்க. வேற வேற பீப்பாவில, வேற வேற நாளில விடுங்க. ஒரு பிரச்சினையும் இல்ல."

தோட்டமே சிரிப்பில் குலுங்கியது. என் வாப்பா சிரித்தார். நாட்கணக்கில் பார்க்காத சிரிப்பு. அவளுடைய வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. வெட்டிய குழாய்த் துண்டு இன்னும் அவர் கையில் இருந்தது.

குழாய் முனைகளைத் திறந்து, நல்ல தண்ணீரை நாள்முழுக்க ஓடவிட்டு, பெரும்பாலான வரிசைகள் மறுபடி சொட்டியதும், மிளகாய் இரண்டாம் முறை பூத்ததும், இரண்டு வாப்பாமாரும் முழங்கால்வரை சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒன்றாகக் குழாய் தட்டியதும் அடுத்தடுத்த வாரங்களின் கதை. அந்த வெள்ளிக்கிழமை அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய வாப்பாவை மட்டும்தான்.

ஹாஜியார் டவுன்காரர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளை அவருக்குத் தெரியாது. பால் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரைச் சுற்றிப் பார்த்து, அவள் 'வாப்பா' என்றது காதில் விழுந்திருந்தும், எங்கள் பக்கத்து வழக்கப்படி ஊரறியக் கேட்டார்.

"இந்தப் புள்ள ஆர்ட மகள்?"

எல்லோருக்கும் பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் வேலியடியில் நின்றார். என் வாப்பாகூட நிலத்தைத்தான் பார்த்தார். அவள் பிடித்திருந்த தட்டில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. சொற்களிடமெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டுத் திரிந்தவள், அன்று பதிலுக்காக நின்றாள்.

அவளுடைய வாப்பா குழாய்த் துண்டைக் கீழே போட்டார். வேலியடியிலிருந்து நடந்து வந்தார். முதலில் என் வாப்பாவிடம் போய், ஸலாம் சொல்லி, இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்தார். பிறகு மகளின் பக்கத்தில் போய் நின்று, அந்தத் தட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

"என்ட மகள்" என்றார். கட்டாருக்கே கேட்டிருக்கும். "கரையம் எண்டா என்ன எண்டும் கேட்டுப் பாருங்க ஹாஜியார், செல்லுவா!"